மலை ஏரி, ஒரு படகு, 10 மில்லிமீட்டர் மனிதர்

26 வருடம் கட்டட வரைபடம் போட்ட கை என்னுடையது. சுவரின் கனம், ஜன்னலின் அகலம், படிக்கட்டின் ஏற்றம் என்று கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் 0.3 மில்லிமீட்டர் பேனாவால் விளிம்பு கட்டியே பழகியவன். ஓய்வு பெற்ற அப்புறம் வாட்டர்கலரைத் தொட்டேன். முதல் படமே ஒரு மலை ஏரி. நடுவில் படகு, படகில் தூண்டிலோடு ஒருவர். அவருக்குச் சட்டைப் பொத்தான்கூட வரைந்திருந்தேன்.

மகள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இந்த ஆளு ஏரியில இல்லப்பா. ஏரி மேல ஒட்டி வச்ச மாதிரி இருக்காரு."

அதைச் சரிசெய்ய எனக்கு 40 தாளுக்கு மேல் ஆனது. கடைசியில் புரிந்தது இவ்வளவுதான்: அவரைக் கடைசியாகத்தான் தீட்ட வேண்டும், ஆனால் முதலில் யோசிக்க வேண்டும். மலை எங்கே தாழ வேண்டும், தண்ணீரில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு விரல்நகம் அளவு மனிதர்தான் தீர்மானிக்கிறார். அவரை வைத்தே இந்தப் படத்தைக் கட்டிக் காட்டுகிறேன்.

என்னென்ன வேண்டும்

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுப் பருத்தி, லேசான சொரசொரப்புள்ள கோல்டு பிரஸ் தாள். மரக்கூழ்த் தாளில் ஈரம் சீக்கிரம் போய்விடும், இரண்டாவது வாஷ் (நீர்த்த நிறப் பூச்சு) முதல் வாஷைக் கிளறிவிடும். நமக்கு வேண்டிய மூடுபனி அதில் வரவே வராது. அளவு 28 × 38 சென்டிமீட்டர், அதாவது 56 × 76 முழுத் தாளில் கால் பங்கு. நான்கு ஓரமும் பலகையில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிரஷ் நான்கு போதும்: 12 எண், 6 எண் உருண்டை பிரஷ்கள், ஒன்றரை அங்குலப் பட்டை பிரஷ், மெல்லிய நீண்ட மயிர் கொண்ட ரிக்கர் பிரஷ் ஒன்று. தண்ணீருக்கு இரண்டு ஜாடி. ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று சுத்தமாகவே இருக்க. ஒரே ஜாடியோடு வேலை செய்தால் பத்தாவது நிமிடத்தில் உங்கள் வானம் பிரஷ் கழுவிய நிறத்துக்கு வந்திருக்கும்.

நிறம் ஐந்து: பிரெஞ்சு அல்ட்ராமரைன், கோபால்ட் ப்ளூ, பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், பெர்மனன்ட் ரோஸ். கறுப்பு டியூப் வாங்க வேண்டாம். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். இந்தப் படத்தில் பாதி இந்த ஒரு கலவைதான். வாங்கும்போது டியூபில் சாயக் குறியீட்டைப் பாருங்கள். அல்ட்ராமரைனுக்கு பி.பி. 29, அசல் கோபால்ட் ப்ளூவுக்கு பி.பி. 28. பெயரோடு 'ஹ்யூ' என்று ஒட்டியிருந்தால் அது மாற்றுச் சாயத்தில் செய்தது.

அல்ட்ராமரைனுக்கு 'பிரெஞ்சு' என்ற அடைமொழி வந்தது தனிக் கதை. ஒரு காலத்தில் அது ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாஜுலி என்ற கல்லை அரைத்து எடுத்த நீலம், தங்கத்தோடு போட்டி போடும் விலை. அதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று பிரான்சில் அறிவித்தார்கள். 1828-இல் அதை ஜான் பாப்டிஸ்ட் கிமே வென்றார். நமக்கு இதில் உபயோகமான சங்கதி வேறு: இந்தச் சாயத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் போய் உட்காரும். காய்ந்ததும் ஒரு மணல்மணலான தன்மை தெரியும். பாறை மலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

ஆளை எங்கே உட்கார வைப்பது

இங்கேதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியின் அருகே நின்று பார்க்கிறோம். நம் கண் உயரத்தில் ஒரு கற்பனைக் கோடு, அதுதான் கண்மட்டம். எதிர்க்கரை வெகுதூரத்தில் இருப்பதால், படத்தில் அது ஏறக்குறைய கண்மட்டத்திலேயே படுத்துக்கிடக்கும். கரையில் நிற்கிற நம் கண், தண்ணீருக்கு மேல் 1.6 மீட்டர். படகில் உட்கார்ந்திருப்பவரின் தொப்பி, தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் சொச்சம். ஆக, அவர் தலை கண்மட்டத்துக்குக் கீழேதான் வரும். அதாவது, அவர் முழுசாகத் தண்ணீருக்குள் அடங்கிவிடுவார். அவருக்குப் பின்னால் தெரிவது மலை இல்லை, மலையின் பிம்பம். எழுந்து நின்றால்தான் தலை எதிர்க்கரைக் கோட்டைத் தாண்டும்.

என் முதல் படத்தில் உட்கார்ந்திருந்தவரின் தலை மலையின் இடுப்பில் இருந்தது. அப்படித் தெரிய வேண்டுமானால் நான் ஏரியில் கழுத்தளவு இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். மகள் 'ஒட்டி வச்ச மாதிரி' என்றது இதைத்தான். அவளுக்குக் கண்மட்டம் என்ற சொல் தெரியாது, கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அளவு. உட்கார்ந்த ஆளின் உச்சியிலிருந்து இருக்கை வரை சுமார் 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். தாளில் அதை 10 மில்லிமீட்டர் ஆக்குவோம். அப்படியென்றால் படகு இருக்கும் இடத்தில் ஒரு மீட்டருக்கு 11 மில்லிமீட்டர். 4 மீட்டர் படகு, பக்கவாட்டில் தெரிந்தால், 44 மில்லிமீட்டர். தலை இரண்டரை மில்லிமீட்டர். 2.4 மீட்டர் தூண்டில் கம்பு, 26 மில்லிமீட்டர். பெரும்பாலானவர்கள் படகைத் தொட்டி மாதிரி குட்டையாகவும் தலையைப் பூசணி மாதிரி பெரிதாகவும் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அளந்து பார்த்தால் படகு நாம் நினைப்பதைவிட நீளம், தலை நாம் நினைப்பதைவிடச் சின்னது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நாம் கரையிலேயே ஒரு மேட்டில் ஏறி நிற்கிறோம், கண் தண்ணீருக்கு 4 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 × 11 = 44. ஆகவே படகின் நீர்மட்டம் எதிர்க்கரைக் கோட்டிலிருந்து 44 மில்லிமீட்டர் கீழே வந்தாக வேண்டும். நம் இஷ்டத்துக்கு மேலேயோ கீழேயோ தள்ள முடியாது. தள்ளினால் ஆளின் அளவும் மாற வேண்டும். தொப்பி நீர்மட்டத்திலிருந்து 12 மில்லிமீட்டர் மேலே, அதாவது கரைக்கோட்டிலிருந்து 32 மில்லிமீட்டர் கீழே.

இந்த 32 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். மலையையே இதுதான் வெட்டப்போகிறது.

கறுப்பான சின்ன உருவம் கண்ணில் பட வேண்டும் என்றால் பின்னால் வெளிச்சம் வேண்டும். அமைதியான தண்ணீரில் வெளிச்சம் எங்கே விழும்? இரண்டு மலைகளுக்கு நடுவே வானம் தெரிகிற பள்ளம் இருக்கிறதே, அதற்கு நேர் கீழே. பிம்பம் எப்போதும் செங்குத்தாகத்தான் விழும். பள்ளத்தின் அடி கரைக்கோட்டிலிருந்து 25 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், தண்ணீரில் வெளிச்சம் சுமாராக 25 மில்லிமீட்டர் கீழே தொடங்கும். 32-இல் இருக்கும் தொப்பி அந்த வெளிச்சத்துக்குள் வந்துவிடும். பள்ளம் 40 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் தொப்பி மலையின் இருட்டில் கரைந்து போகும்.

இனி பென்சில் எடுக்கலாம். கரைக்கோடு தாளின் மேல் விளிம்பிலிருந்து 11 சென்டிமீட்டரில். அது மட்டும் ஸ்கேல் வைத்து, துல்லியமாகக் கிடைமட்டமாக. சாய்ந்தால் ஏரி வழிந்துவிடும். (ஸ்கேலை இதற்கப்புறம் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். எனக்குத் தேவைப்பட்டது.) இடது ஓரத்திலிருந்து 13 சென்டிமீட்டரில் படகு, முகம் வலப்பக்கம், படத்துக்குள் பார்த்தபடி. அதற்கு நேர் மேலே மலைப்பள்ளம். இடப்பக்க மலை உயரம், வலப்பக்கம் சற்றுத் தாழ்வு. ஆளுக்கு ஒரு சிறு முட்டை வடிவம், படகுக்கு இரண்டு கோடு, அவ்வளவே.

முதல் வாஷ்

பலகையின் தலைப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் உயர ஏதாவது முட்டுக் கொடுங்கள். பட்டை பிரஷ்ஷால் தாள் முழுவதும் சுத்தமான தண்ணீர். அடிவானத்தை ஒட்டி நீர்த்த யெல்லோ ஆக்கர், அதில் ரோஸ் ஒரு துளி. மேலே போகப்போக கோபால்ட். அதே வேகத்தில் தண்ணீர்ப் பகுதியிலும் அதையே தலைகீழாக: கரையருகே ஆக்கர், கீழே வர வர நீலம், வானத்தைவிட ஒரு பிடி அழுத்தமாக. கரைக்கோட்டில் நிற்காமல் தாண்டிப் போங்கள். படகு வரும் இடத்தில் வெறும் ஆக்கர் ஈரம் மட்டும். மூன்று நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுங்கள்.

வைக்க மனசு வராது. இந்த வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் போட்டால் என்ன என்று தோன்றும். ஈர நிறம் காய்ந்தால் வெளிறும் என்பதால், போடும்போதே சற்று அழுத்தமாகப் போட்டிருக்க வேண்டும். இப்போது நேரம் கடந்துவிட்டது.

ஈரத்தின் நிலையைப் படிப்பதுதான் வாட்டர்கலரில் முக்கால்வாசி. தாளைப் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் எதைப் போட்டாலும் பரவி ஓடும். மினுமினுப்பு மங்கி, பட்டுத்துணிப் பளபளப்புக்கு வரும்போது போட்டால் விளிம்பு மென்மையாகவும் உருவம் கெடாமலும் நிற்கும், ஆனால் பிரஷ்ஷில் தண்ணீர் குறைவாக, சாயம் கெட்டியாக இருக்க வேண்டும். அந்த நிலையில் நீர்த்த பிரஷ் பட்டால், புதுத் தண்ணீர் பழைய சாயத்தை ஓரத்துக்குத் தள்ளிப் பூக்கோசு மாதிரி ஒரு கறை விழும். அதை அழிக்கப் போனால் இன்னும் இரண்டு விழும். விட்டுவிடுங்கள், மேகம் என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசியாக, பளபளப்பே இல்லை, ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது. உள்ளே ஈரம் பாக்கி. சில்லிப்பு போகும்வரை தொடாதீர்கள்.

அவசரப்பட்டு ஹேர் டிரையரை ஓடவிட்டு ஒரு முழு வானத்தையும் ஒரு மூலைக்குத் தள்ளியவன் நான். தாளின் மினுமினுப்பு போன அப்புறம், ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் பரவாயில்லை.

மலைகள்

தூரத்து மலைக்கு கோபால்ட், ரோஸ் ஒரு துளி, நிறையத் தண்ணீர். மேல் விளிம்பு தெளிவாக. அடிப்பக்கம் சுத்தமான ஈர பிரஷ்ஷால் தடவி, ஒன்றுமில்லாமல் கரைத்துவிடுங்கள். அதுதான் மூடுபனி. வெள்ளை டியூபில் மூடுபனி கிடையாது. தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் மலை இல்லை, இடையில் இருக்கும் காற்று. அது நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. நடுவில் காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு நீலம், அவ்வளவு வெளிறல்.

அது நன்றாகக் காய்ந்ததும் பக்கத்து மலைகள் இரண்டும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும், ஒரு பிடி அழுத்தம். 12 எண் பிரஷ்ஷைப் படுக்க வைத்து, மேலிருந்து கீழே, சரிவின் போக்கிலேயே இழுங்கள். ஈரமாக இருக்கும்போதே வெயில் படும் சரிவில் ஆக்கரைச் சொட்டுங்கள், தானே கலக்கட்டும். மரங்களைத் தனித்தனியாகப் போடும் ஆசை வரும். எனக்கு இப்போதும் வருகிறது. அடிவாரத்தில் கரையை ஒட்டிக் கரும்பச்சையாக (அல்ட்ராமரைன், ஆக்கர், கொஞ்சம் சியன்னா) ஒழுங்கற்ற ஒரு பட்டை போதும். கண் அதைக் காடு என்று படித்துக்கொள்ளும்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1842-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கு அப்பால் நிற்கும் ரிகி மலையை நீல ரிகி, சிவப்பு ரிகி, கரிய ரிகி என்று மூன்று வாட்டர்கலராகத் தீட்டினார். நீல ரிகியில் மலை ஒரே நீலத் திரையாகத்தான் நிற்கிறது. கண் போய் நிற்பது முன்னால் தண்ணீரில் இருக்கும் சின்னச்சின்ன உருவங்களில். அச்சுப் பிரதியாவது கிடைத்தால் அரைமணி நேரம் பாருங்கள்.

தண்ணீர்

கரைக்கோட்டுக்குக் கீழே மட்டும் மறுபடி சுத்தமான தண்ணீர் தடவுங்கள். படகும் ஆளும் வரும் இடமும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் உலர்ந்தே இருக்கட்டும். பட்டுத்துணிப் பளபளப்புக்கு வந்ததும், பக்கத்து மலைகளின் நிறத்தைப் பட்டை பிரஷ்ஷில் எடுத்து, செங்குத்தாகக் கீழே இழுங்கள். பள்ளத்துக்கு நேர் கீழே இழுக்காதீர்கள். அந்த வெளிச்சத்துக்காகத்தான் இவ்வளவு கணக்கும். இருண்ட பொருளின் பிம்பம் பொருளைவிடச் சற்று வெளிறியும், வெளிச்சமான பொருளின் பிம்பம் சற்று மங்கியும் தெரியும். இரண்டையும் ஒரே அழுத்தத்தில் போட்டால், படத்தைத் தலைகீழாக மாட்டினாலும் வித்தியாசம் தெரியாது.

உடனே பட்டை பிரஷ்ஷைப் பிழிந்து, கிடைமட்டமாக இரண்டே இழுப்பு. அந்த இரண்டு இழுப்பில்தான் அது மலையின் நிழல் என்பதிலிருந்து தண்ணீர் என்பதற்கு மாறும். மூன்றாவது இழுப்பு வேண்டாம். எதிர்க்கரைக்குச் சற்றுக் கீழே, பிழிந்த பிரஷ்ஷின் ஓரத்தால் ஒரு மெல்லிய வெளிறிய கீற்றைத் துடைத்து எடுங்கள். காற்று உரசிச் சிலிர்த்த தண்ணீர் மலையைக் காட்டாது, மேல் வானத்தைக் காட்டும். ஏரி மல்லாந்து படுத்திருக்கிறது என்பதைச் சொல்வது அந்தக் கீற்றுதான்.

கீழ் வலது மூலையில் நாணலோ பாறையோ, சியன்னா அதிகமாக, ஐந்தாறு வீச்சு. இதற்கு மேல் அங்கே வேலை இல்லை.

அவர்

தாள் எலும்பாகக் காயட்டும். வேறொரு துண்டுத் தாளில் ஆளை 20 முறை போட்டுப் பாருங்கள். கிண்டல் இல்லை, 20 முறை.

6 எண் பிரஷ், அல்ட்ராமரைனும் சியன்னாவும் கெட்டியாக. தொப்பிக்கு ஒரு தொடுதல். அதற்குக் கீழே ஒரு மயிரிழை இடைவெளி, அப்புறம் சரிந்த தோள், வளைந்த முதுகு, ஒரே இழுப்பில். மீனுக்காகக் காத்திருப்பவர் நிமிர்ந்து உட்கார மாட்டார். வெயில் படும் பக்கம் தோளில் வெறும் தாள் ஒரு கீற்று தெரிய வேண்டும். மேல்சட்டையில் ஈரமாக இருக்கும்போதே பர்ன்ட் சியன்னாவும் ரோஸும் ஒரு துளி. படம் முழுக்க நீலம், இந்த ஒரு துளிதான் சூடு. முகம் வேண்டாம், விரல் வேண்டாம், பொத்தான் நிச்சயமாக வேண்டாம்.

ஆளின் அடிப்பக்கம் காயும் முன்பே படகை ஆரம்பியுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று கசியட்டும். படகு காயும் முன் அதன் பிம்பத்தைக் கீழே இழுத்துவிடுங்கள், அதுவும் கசியட்டும். ஆள், படகு, பிம்பம் மூன்றும் ஒரே கறையாக இருந்தால்தான் அவர் தண்ணீரில் உட்காருவார். நான் பல மாதம் மூன்றையும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் காய்ந்த அப்புறம், சுத்தமான விளிம்போடு போட்டுக்கொண்டிருந்தேன். வரைபடப் புத்தி.

தூண்டில் கம்பு ரிக்கர் பிரஷ்ஷில். கையிலிருந்து நுனிக்கு, மூச்சைப் பிடித்து, போகப்போக அழுத்தத்தை எடுத்துவிட்டு ஒரே இழுப்பு. கம்பு வலப்பக்கம் சாய்ந்தால் தண்ணீரில் அதன் பிம்பமும் வலப்பக்கமே சாயும். எதிர்ப்பக்கம் சாய்ப்பது எல்லோரும் செய்கிற தவறு. பிம்பத்தை விட்டு விட்டு, உடைந்த கோடாகப் போடுங்கள். தூண்டில் நரம்பைப் போடவே வேண்டாம். அவ்வளவு தூரத்திலிருந்து அது யார் கண்ணுக்கும் தெரியாது.

படகின் நீர்மட்டத்தை ஒட்டி, ஈரப் பிரஷ்ஷின் ஓரத்தால் கிடைமட்டமாக ஒரு கீற்றைத் துடைத்து டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

டேப்பை முழுக்கக் காய்ந்த அப்புறம், படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். படத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு ஆறு அடி தள்ளி நின்று பாருங்கள். கண் மலையில் தங்காமல் வெளிச்சத்தில் இறங்கி அவரிடம் போனால் சரி. போகவில்லையா, தொப்பியில் மட்டும் இன்னொரு தொடுதல் கறுப்பு.